தறி நின்றால் கேட்காது

சங்கரன்கோவில்
2-7-1981

மச்சான் சங்கரபாண்டி அவர்களுக்கு, சண்முகையா எழுதுவது.

இங்கே நான், அம்மா, உங்கள் தங்கை ஆறுமுகத்தாய், குழந்தை பாலம்மாள் நால்வருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. சென்னையில் நீங்களும் அக்காவும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ரேடியோக் கடை எப்படிப் போகிறது?

உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டேன். மற்றது நன்றாக இல்லை. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

போன செவ்வாய்க்கிழமை கரண்ட் கிடையாது. எட்டுத் தறியும் நின்றுபோய் வீடே அமைதியாக இருந்தது. அம்மா பின்கட்டில் துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். "ஏட்டி ஆறுமுகத்தாயி, ஏட்டி" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் தங்கை அடுக்களையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடுவில் ஒரு கதவு, அதுவும் திறந்து கிடந்தது. அவள் அசையவில்லை. தறி ஓட்டுகிற பூமாரி வாசலிலிருந்து ஓடிவந்து அம்மாவைத் தூக்கினாள். ஏன் வரவில்லை என்று கேட்டால், "எனக்குக் கேக்கலை" என்று வாய்க்குள்ளேயே சொன்னாள்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. தறி ஓடும்போது நாங்கள் யாரும் காதை நம்புவதில்லை. வாயைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேசிக்கொள்வோம். நான் தறிக்கூடத்து வாசல் பக்கம் நின்று மேஸ்திரி மைதீன் பாட்சாவைப் பார்த்து, "அஞ்சாம் தறியில நூல் அந்துருக்கு, பாருங்க" என்று கத்துகிறேன். பாட்சா திரும்பவில்லை. எனக்கு முதுகைக் காட்டி நின்ற உங்கள் தங்கை போய் அஞ்சாம் தறியை நிறுத்தி நூலை முடிச்சுப் போடுகிறாள்! கரண்ட் இருந்தால் கேட்கும், கரண்ட் போனால் கேட்காது என்றால் அது காதா, மோட்டாரா?

செவிடு என்றால் கத்திப் பேசுவாள். இவள் முணுமுணுக்கிறாள். குழந்தைகூட இவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பித்தான் பேச வேண்டியிருக்கிறது. அவ்வளவு செல்லம் கொடுத்து வைத்திருக்கிறாள். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது. நாலு வருஷமாக எழுப்பிப் பார்த்துவிட்டேன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நீங்கள் வரும்போது அவளை உங்களோடு அழைத்துப் போங்கள். திரும்ப வருவதா என்பதைப் பிறகு பேசலாம். அம்மா வேறு ஒரு யோசனையும் வைத்திருக்கிறார்கள். அதை எழுத்தில் எழுத வேண்டாம் என்று விடுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம்.

சண்முகையா

*

சைதாப்பேட்டை
13-7-1981

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நாங்கள் நலம். உங்கள் அம்மாவுக்கு இடுப்பில் அடி ஏதும் இல்லையே? இருந்தால் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். கோபம் வந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

என் கடைக்கு ரேடியோ கொண்டுவருகிற எல்லாரும் "பேச மாட்டேங்குது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எப்போது பேசுகிறது, எப்போது நிற்கிறது என்று கேட்டுக் கேட்டு வாங்கினால்தான் கோளாறு எங்கே இருக்கிறது என்று பிடிபடும். அதே மாதிரி உங்களிடம் கேட்கிறேன். இந்தக் கேட்காத சங்கதி பாலம்மாள் பிறப்பதற்கு முன்னால் இருந்ததா, பிறகு வந்ததா? பஸ்ஸுக்குள் நீங்கள் பேசினால் பதில் சொல்கிறாளா? கோயிலில் மேளம் வாசிக்கும்போது? முகத்தைப் பார்த்துப் பேசுவதற்கும் முதுகுக்குப் பின்னால் பேசுவதற்கும் வித்தியாசம் தெரிகிறதா?

குழந்தை தாடையைத் திருப்புவதைச் செல்லம் என்று எழுதியிருக்கிறீர்கள். செல்லம் கொஞ்ச மூன்று வயதுக் குழந்தைக்கு வேறு வழியா தெரியாது?

ஆடித்தபசுக்கு நான் வரவில்லை. வந்தால் அழைத்துப் போகச் சொல்வீர்கள், அதனால்தான். வேறு காரணம் எழுதிப் பொய் சொல்ல விருப்பமில்லை.

குழந்தைக்கு என் அன்பு.

சங்கரபாண்டி

*

சங்கரன்கோவில்
26-7-1981

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். மதினிக்குக் கால்வலி தேவலையா? பாலம்மாள் இப்போது "மாமா ஊரு மெட்ராசு" என்று சொல்கிறாள்.

நீங்கள் தனியாகப் போட்ட கார்டு வந்தது. இனிமேல் கார்டில் எழுதாதீர்கள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் படித்துச் சொல்ல இந்தத் தெருவில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

காதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்றும் இல்லை. வேலை மும்முரத்தில் கவனிக்காமல் இருந்திருப்பேன். அத்தை விழுந்தது எனக்கு வருத்தம்தான். அன்றைக்கு அந்தக் கீரையைச் சமைக்கவும் மனம் வரவில்லை.

தறிக்கூடத்துக்குள் போனால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அங்கே எல்லாரும் என்னிடம் தெளிவாகப் பேசுகிறார்கள். வீட்டுக்குள் வந்ததும் குரலை இறக்கிவிடுகிறார்கள். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று நானும் கேட்கவில்லை. படுத்தால் காதுக்குள் சில்வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது. தோட்டத்துப் பூச்சியாக இருக்கும்.

அவர் நல்லவர்தான் அண்ணே. தறிக்காரருக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்.

ஒரு காரியம். நம் அம்மாவுக்கு மாவு மில்லுக்குள் மட்டும் நன்றாகக் கேட்கும், வெளியே வந்தால் கேட்காது என்று நாம் கேலி செய்வோமே, அதையெல்லாம் இவர்களுக்கு எழுத வேண்டாம். என் குழந்தையும் பெண்ணாக இருக்கிறாள்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லவும்.

ஆறுமுகத்தாய்

*

சைதாப்பேட்டை
17-8-1981

மாப்பிள்ளை அவர்களுக்கு,

எல்லாரும் சுகம். தபசுக்கூட்டம் இந்த வருஷம் எப்படி? என் கேள்விகளுக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை, பதில் வரும்வரை நான் சும்மா இருக்கவில்லை.

என் கடைக்கு டேப்ரிக்கார்டர் கொண்டுவருகிற காது டாக்டர் ஒருவர் இருக்கிறார். நீங்கள் எழுதியிருந்த அதே வரிகளை அவரிடம் வாசித்துக் காட்டினேன். கரண்ட் இருந்தால் கேட்கும் என்ற இடத்தில் அவர் என்னை நிறுத்தி, "அந்தப் பெண்ணுக்கு என்ன வயது?" என்று கேட்டார். இருபத்தாறு என்றேன். "பிள்ளை பெற்றபிறகு கூடியிருக்குமே" என்றார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்றும் கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். காதுக்குள்ளே சவ்வை ஒட்டிக் குட்டி எலும்புகள் மூன்று இருக்கின்றன. சத்தம் வந்தால் அவை அசைந்து உள்ளே இருக்கிற நரம்புக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். சிலருக்குக் கடைசி எலும்பு, துருப்பிடித்த கதவுக் கீல் மாதிரி, இறுகிப் போய்விடுகிறது. நரம்பு நன்றாக இருக்கும், ஆனால் சத்தம் அதுவரைக்கும் போய்ச் சேராது.

தறிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்றால், உங்கள் காதில் தறிச்சத்தம் வந்து அடைத்துக்கொள்கிறது. அவளுக்கு அந்த இரைச்சல் பாதிதான் விழுகிறது. அந்த இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று நீங்கள் எல்லாரும் தொண்டை கிழியக் கத்துகிறீர்கள். அது அவளுக்குப் போய்ச் சேருகிறது. தறி நின்றதும் நாம் குரலை இறக்கிக்கொள்வோம். அந்தக் குரல் அவளுக்கு எட்டாது. இதில் நடிப்பு எங்கே வந்தது?

முணுமுணுப்புக்கும் டாக்டர் பதில் சொன்னார். கத்திப் பேசுகிறவர்கள் நரம்பு கெட்டவர்கள், தங்கள் குரலே தங்களுக்குக் கேட்காததால் கத்துகிறார்கள். இவளுக்குத் தன் குரல் தலை எலும்பு வழியாக உள்ளே போய்ப் பெரிதாகக் கேட்கிறது. கத்திவிட்டோமோ என்று பயந்து இறக்கிப் பேசுகிறாள்.

என்னை நம்ப வேண்டாம். உங்கள் வீட்டில் சாவி கொடுக்கிற டைம்பீஸ் இருக்கிறதல்லவா? தறி ஓடாத நேரத்தில் அதை அவள் காதுக்குப் பக்கத்தில் பிடித்து, கேட்கிறதா என்று கேளுங்கள். பிறகு அதன் காலைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்தி வைத்துக் கேளுங்கள். உங்கள் காதிலும் அதேபோல வைத்துப் பாருங்கள். நமக்குக் காதுப் பக்கம்தான் நன்றாகக் கேட்கும். அவளுக்கு எங்கே கேட்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அதற்குப் பிறகும் அழைத்துப் போ என்றால், அப்போது வருகிறேன்.

சங்கரபாண்டி

*

சங்கரன்கோவில்
4-10-1981

மச்சான் அவர்களுக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். சரஸ்வதி பூஜைக்குத் தறிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம். பதில் எழுதத் தாமதம். உங்கள் கடிதத்தை மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். ரேடியோ ரிப்பேர்காரர் காது ரிப்பேரும் பார்க்கிறார் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

போன மாதம் கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம் டைம்பீஸை எடுத்தேன். காதுப் பக்கம் பிடித்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓடுதா ட்டி?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "ஓடுது" என்றாள். "இது நம்ம வீட்டு டைம்பீஸா? இம்புட்டுச் சத்தமா ஓடும்?" என்று கேட்டாள். என் கையிலிருந்து வாங்கித் தானே வைத்துக்கொண்டாள். அழுதாள். நான் எழுந்து தறிக்கூடத்துக்குப் போய்விட்டேன். தறி ஓடவில்லை, இருந்தாலும் போனேன்.

பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போய் ஒரு காது டாக்டரிடம் காட்டினேன். இரும்புக் கவட்டை மாதிரி ஒன்றைத் தட்டித் தட்டி வைத்துப் பார்த்தார். பிறகு காது எவ்வளவு கேட்கிறது என்று மிஷினில் பார்த்துக் காகிதத்தில் கிராப் எடுத்தார். உங்கள் டாக்டர் சொன்னதையே சொன்னார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று இவரும் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நீங்கள் எழுதாமல் விட்ட பதில் எனக்கு அப்போது விளங்கியது. பாலம்மாளுக்கு வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

சென்னையில் ஆபரேஷன் செய்கிறார்களாம். பெரும்பாலும் பலிக்கும், சிலருக்கு இருக்கிறதும் போய்விடும் என்று அவளுக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். அவளே வேண்டாம் என்றுவிட்டாள். அப்படியென்றால் காது மிஷின் வைத்துக்கொள்ளலாம், இந்தக் கோளாறுக்கு நன்றாகப் பொருந்தும் என்றார்.

எதை வாங்குவது என்று தெரியவில்லை. கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக் காம்புக்குள் வைத்த மிஷின் ஒன்று காட்டினார். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற மாதிரி வெளிநாட்டுச் சாமான் ஒன்று காட்டினார். சட்டைப் பையில் வைக்கிற பெட்டியும் இருக்கிறது, ஆனால் அதில் ஒயர் வெளியே தெரிகிறது. வெளியே தெரியாததாக ஒன்று சொல்லுங்கள். அம்மாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. தை மாதம் வரைக்கும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சண்முகையா

*

சைதாப்பேட்டை
14-10-1981

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது, அதைத் தவிர விசேஷம் இல்லை. டைம்பீஸ் வைத்துப் பார்த்ததற்கு நன்றி. பாலம்மாளைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள். அவளுக்கு வந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு இப்போதே தெரிந்திருக்கும். என் அம்மாவுக்கு வந்தபோது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் சிரித்தோம்.

மிஷின் விஷயம். பெட்டி மிஷினையே வாங்குங்கள். கண்ணாடிக் காம்பு மிஷின், பார்வைக் கோளாறும் இருக்கிறவர்களுக்கு. அவள் ஊசியில் நூல் கோக்கிறவள், அவளுக்கு எதற்குக் கண்ணாடி? காதுக்குப் பின்னால் ஒட்டுவது பார்வைக்கு அழகுதான். ஆனால் அதற்குப் பொத்தான் மாதிரி ஒரு செல் வேண்டும், அது தீர்ந்தால் சென்னைக்கு எழுத வேண்டியிருக்கும். பெட்டி மிஷினுக்குப் பென் டார்ச் செல் போதும், உங்கள் தெருமுனைக் கடையில் கிடைக்கும். அவளுக்கு வேண்டிய அளவு சத்தமும் அதில்தான் வரும்.

கிராப் எடுத்த காகிதத்தைக் கையில் கொண்டுபோங்கள். அதைப் பார்க்காமல் விற்கிற கடையில் வாங்க வேண்டாம். காதுக்குள் வைக்கிற அச்சை அவள் காதுக்கே அளவெடுத்து வார்க்கச் சொல்லுங்கள். கடையில் ரெடியாகக் கிடக்கிறதை மாட்டினால் இடைவெளி விழுந்து கூ கூ என்று விசிலடிக்கும். நாலைந்து மிஷினைப் போட்டுப் பார்த்து, எது தெளிவாக இருக்கிறது என்று அவள் சொல்லட்டும். நீங்கள் சொல்ல வேண்டாம்.

வாங்கியதும் முதலில் வீட்டில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கொஞ்ச நேரம் போடட்டும். நாளாக நாளாகக் கூட்டலாம். மிஷின் போட்டிருக்கிறாள் என்று யாரும் கத்த வேண்டாம்.

ஒயர் தெரியக் கூடாது என்கிறீர்கள். யாருக்குத் தெரியக் கூடாது?

சங்கரபாண்டி

*

சங்கரன்கோவில்
22-11-1981

மச்சான் அவர்களுக்கு,

அம்மாவுக்குச் சளி, மற்றவர்கள் தேவலை. கார்த்திகை பிறந்தும் மழையைக் காணோம்.

நீங்கள் சொன்ன மாதிரியே அச்சு வார்த்து, அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லி வாங்கினோம். வீண். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள், நான் ஊதியது அதைவிட மோசமாகப் போய்விட்டது.

மிஷினைக் கொண்டுவந்த மறுநாள், எட்டுத் தறியும் ஓடும்போது அவளைத் தறிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பூமாரி, பாட்சா எல்லாரும் வந்து நின்றார்கள். மாட்டிவிட்டுச் சத்தம் கூட்டுகிற திருகைத் திருப்பினேன். அவள் அலறினாள். மச்சான், அந்த மாதிரி அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிடுங்கி எறிந்ததில் ஒயர் நாலாம் தறியின் பெல்ட் பக்கம் போய்விட்டது. பூமாரி அவளைப் பிடித்து இழுக்காவிட்டால் ஒயரோடு அவளும் பெல்ட்டுக்குள் போயிருப்பாள்.

"காதைக் கேக்க வைக்கேன்னு போயி உசுரை எடுக்கப் பாத்தியேலே" என்று அம்மா சொன்னார்கள். அது நியாயம். ஆனால் அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள். உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வீட்டில் போட்டுப் பார்க்கவில்லை. வீட்டில் என்ன சத்தம் இருக்கிறது, போட்டுப் பார்ப்பதற்கு? சத்தம் இருக்கிற இடத்தில்தானே மிஷினைச் சோதிக்க வேண்டும்? பெட்டி இப்போது அலமாரியில் இருக்கிறது. தை பிறந்ததும் முடிவு எழுதுகிறேன்.

சண்முகையா

*

(அஞ்சலட்டை)
28-11-1981

மாப்பிள்ளை,

எல்லாரும் நலமாக இருங்கள். கார்டில்தான் எழுதுகிறேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். தறிக்கூடத்தில் அவளுக்கு ஏற்கெனவே கேட்கிறது. அதை முதல் கடிதத்தில் எனக்கு எழுதியவரே நீங்கள்தான். கேட்காத இடம் உங்கள் வீடு. மிஷினை வீட்டில் போடச் சொல்லுங்கள். தறிக்குப் போகும்போது கழற்றி ஆணியில் மாட்டட்டும். சத்தம் இல்லாத இடத்தில் பேசுகிற பேச்சுக்காகத்தான் அது. அந்தப் பேச்சு உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சங்கரபாண்டி

*

சங்கரன்கோவில்
5-1-1982

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். மதினியும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். பாலம்மாளுக்கு மார்கழிப் பனியில் மூக்கொழுகுகிறது.

உங்கள் கார்டை அவர் என் கையில் கொடுத்தார். பிறகு அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தார். ஜாக்கெட்டுக்குள் வைத்தால் துணி உரசுகிற சத்தம் சரசரவென்று கேட்கிறது. அதனால் துணியில் ஒரு பை தைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன். ஒயர் நன்றாகத் தெரியும். தெரியட்டும்.

முதல் நாள் என் வளையல் சத்தமே எனக்குப் பெரிதாக இருந்தது. எண்ணெயில் கடுகு வெடிப்பது கேட்டது. கடுகு வெடித்துவிட்டதா என்று இத்தனை நாளும் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பாலம்மாள் பின்னாலிருந்து தண்ணீர் கேட்டாள். நான் திரும்பாமலே "இந்தா வாரேன்" என்றேன். அவள் அரண்டுபோய் ஓடிவந்து என் தாடையைப் பிடித்துப் பார்த்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அண்ணே.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தை எழுதவா வேண்டாமா என்று யோசித்துத்தான் இத்தனை நாள் ஆனது.

அந்த மூன்று நாளும் அத்தை ஊரில் இல்லை, நான் மிஷின் போட ஆரம்பித்தது அவர்களுக்குத் தெரியாது. திரும்பி வந்த அன்றைக்கு ஓர் உறவுக்கார அம்மாளையும் கூட்டி வந்திருந்தார்கள். நான் பக்கத்திலேயே குனிந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எப்போதும் போல என் முன்னாலேயே பேசினார்கள். பனவடலிசத்திரத்தில் அவருக்கு ஒரு பெண் பார்த்திருக்கிறார்களாம், தறி வேலையும் தெரியுமாம். "இவ அண்ணங்காரன் வந்து கூட்டிட்டுப் போனதும் பேசி முடிச்சிருவோம்" என்றார்கள். புதுப் பேச்சாகத் தெரியவில்லை. தேதி வரைக்கும் போயிருக்கிறது. எத்தனை மாதமாக என் தலைக்கு மேலே இந்தப் பேச்சு நடந்திருக்கிறதோ! நான் நிமிர்ந்ததும் அத்தை ஒயரைப் பார்த்தார்கள். அத்தோடு பேச்சு நின்றது.

அன்றையிலிருந்து இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. அத்தை பேசுவதில்லை. அவரும் சாப்பாடு, நூல், கரண்ட் தவிர வேறு பேசுவதில்லை. அந்தப் பெண் விஷயத்தில் அவர் சரி என்றாரா, வேண்டாம் என்றாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற காது வந்துவிட்டது, கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. எனக்கு வேதனையாக இருக்கிறது.

பதில் எழுதினால் கவரில் எழுதவும்.

ஆறுமுகத்தாய்

*

சைதாப்பேட்டை
16-1-1982

அன்புத் தங்கைக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போயிற்றா? மதினி உனக்கும் குழந்தைக்கும் துணி எடுத்து வைத்திருக்கிறாள். அனுப்புவதா, நீயே வந்து வாங்கிக்கொள்வதா என்று தெரியாமல் பீரோவிலேயே இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று ஒரு ரேடியோ செட்டையும் திறக்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. இனிமேல் நான் எழுதுகிற கடிதத்தால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. அவர்தான் பேச வேண்டும், அவரிடம் பேச வேண்டியவளும் நீதான்.

இங்கே வந்தால் உனக்கும் பாலம்மாளுக்கும் இடம் உண்டு. ஓர் அறை வீடுதான், ஆனாலும் உண்டு. வா என்றும் எழுதவில்லை, இரு என்றும் எழுதவில்லை. ஒரு வரி போடு, அடுத்த ரயிலில் வந்து நிற்பேன்.

செல் தீர்ந்துவிட்டால் அதைப் பெட்டிக்குள்ளேயே விட்டு வைக்காதே, கசிந்து உள்ளே அரித்துவிடும்.

அண்ணன் சங்கரபாண்டி

*

சங்கரன்கோவில்
3-3-1982

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். எல்லாரும் என்று அத்தையையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மதினி எடுத்த துணியைத் தபாலில் அனுப்பிவிடுங்கள். நான் நேரில் வந்து வாங்கப் போவதில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒன்றரை மாதமாகப் பதில் எழுதவில்லை. ஊருக்குப் புறப்படத் துணிப் பெட்டியை இரண்டு தரம் கட்டினேன், அவிழ்த்தேன். மிஷினோடு வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிடத் தறிக்கூடமே மேல் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அங்கேயே கிடந்தேன். வாசல் பக்கத்து ஆணியில் பையை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

போன வெள்ளிக்கிழமை அவர் காலையிலேயே எங்கேயோ பஸ் ஏறிப் போயிருந்தார். மத்தியானம் திரும்பி வந்து நேரே தறிக்கூடத்துக்குள் நுழைந்தார். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. என் பக்கத்தில் வந்து நின்று, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஏன் அப்படி நிற்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஆட்கள் வாயைப் பார்த்தே பேச்சை எடுத்துவிடுவார்கள் அல்லவா? அவர்களுக்கு வாய் தெரியக் கூடாது, சத்தத்தில் காதும் கேட்காது. அந்தக் கூடத்தில் அவர் சொல்வது கேட்கிற ஆள் நான் ஒருத்திதான். அவர் அதைத் தெரிந்துதான் வந்திருக்கிறார் அண்ணே. இதுவரைக்கும் என் மேல் குற்றமாகச் சொன்னதை அன்றைக்கு நம்பி வந்திருந்தார்.

சுவரைப் பார்த்தபடியே கத்தினார். "பனவடலிக்குப் போயிட்டு வாரேன். எனக்கு அந்தப் பொண்ணு வேண்டாம்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டேன். அம்மைக்கு இன்னும் தெரியாது. பையச் சொல்லிக்கிடுதேன். நீ எங்கனயும் போவாண்டாம், கேட்டியா? நீ கட்டின பெட்டியைப் பாத்தேன், எனக்கு ஈரக்குலை நடுங்கிட்டு." கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. பக்கத்துத் தறியில் நின்ற பூமாரி திரும்பக்கூட இல்லை. "நாலு வருசமா நடிக்கா நடிக்கான்னு சொன்னேன் பாத்தியா, அது..."

கரண்ட் போய்விட்டது.

தறியெல்லாம் நின்றுவிட்டன. அவர் நிறுத்தவில்லை, நிறுத்த நேரம் இல்லை. "...எந் தப்பு ட்டி! எல்லாம் எந் தப்பு!" என்று அதே தொண்டையில் கத்திவிட்டார். கூடம் முழுக்க எதிரொலித்தது. பூமாரி கையில் பிடித்த நூலோடு நின்றாள். மைதீன் பாட்சா அண்ணாச்சி தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக்கொண்டே மேலே பார்த்தார். வீட்டுப் பக்கக் கதவில் அத்தை, பாலம்மாளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திருடப் போய் மணியில் இடித்துக்கொண்டவர் மாதிரி நின்றார்.

மிஷின் ஆணியில்தான் தொங்கியது. ஆனாலும் அவர் கத்திய கத்தலுக்கு மிஷின் எதற்கு? தெருவுக்கே கேட்டிருக்கும். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

நான் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "தறி நின்னுட்டுல்லா, எனக்குக் கேக்கலை. இன்னொருக்காச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பூமாரியைப் பார்த்தார். பிறகு சுவரை விட்டுத் திரும்பி, எல்லாருக்கும் வாய் தெரிகிற மாதிரி நின்று, முதலிலிருந்து கடைசி வரைக்கும் மறுபடியும் சொன்னார். பனவடலியையும் விடவில்லை. அத்தை குழந்தையை இறக்கிவிட்டு உள்ளே போனார்கள். சாயங்காலம் என் பக்கம் வந்து, மிஷின் பையைத் தொட்டுப் பார்த்து, "இது நனைஞ்சா கெட்டுப் போவுமா?" என்று கேட்டார்கள். கெட்டுப் போகும் என்றேன். ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துக் கொடுத்தார்கள். இப்போதைக்கு அவ்வளவுதான் பேச்சு.

நாலு வருஷமாக நான் நடித்ததே இல்லை அண்ணே, உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு தடவை நடித்தேன்.

மதினியின் கால்வலிக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, யாராவது வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

ஆறுமுகத்தாய்